அம்மையப்பன் இருட்டிலே போன இரவு

யானையைத் தாம் கண்டது இரண்டு வாகன நீளத் தூரத்தில் என்று மருமகன் சொன்னார். சொல்லும்போது தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பற்றியிருந்தார். ஒரு மிடறும் குடிக்கவில்லை. கந்தளாய் தாண்டினால் ஹபரணை வரைக்கும் வீதியின் இருமருங்கும் காடு. அந்தக் காட்டின் நடுவே, ஒரு வளைவில், தாரோடு தாராகக் கிடந்த கருமை அசைந்தபோதுதான் அது வீதியல்ல என்று தெரிந்ததாம். பிரேக்கை மிதித்ததில் பின்னாலிருந்த மீன்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின; ஐஸ் நொறுங்கியது; லொறி குறுக்கே திரும்பி நின்றது. யானை திரும்பியும் பாராமல் போய்விட்டது.

குசினி வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மகள் அழவில்லை, கத்தவில்லை. தலையைத் துடைத்த துவாயைத் தோளிற் போட்டுக்கொண்டு, ஒரேயொரு முறை சொன்னாள்.

"இந்த வெளிச்சத்தோட இனி ஒரு ராவும் நான் இவரை விடமாட்டன். அப்பா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்."

எனக்கும் சேர்த்துச் சொன்னதில் நியாயம் இருந்தது. லொறி என்னுடையது. துறைமுகத்தில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றபின், லிங்கநகர் வீட்டில் சும்மா இருக்க மனமின்றி நான் வாங்கியது. பண்டகசாலையொன்றில் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த மருமகனை, "தம்பி, சொந்த வண்டியை நீங்களே ஓட்டுங்கோ" என்று அழைத்து அதில் ஏற்றியவனும் நான்தான். இங்கு மாலையில் ஏற்றும் மீன் விடியுமுன் கொழும்புச் சந்தைக்குப் போய்ச் சேரவேண்டும். இரவில்லையென்றால் அந்தத் தொழில் இல்லை. லொறியின் தலைவிளக்குகளோ, வயதானவரின் கண்களைப்போல, மஞ்சள் பாரித்து மங்கிப் போயிருந்தன. அவற்றுக்குத் துணையாக இரண்டு விளக்குகள் பூட்டுவது என்று அன்று முடிவாயிற்று. அதுவரை லொறி வாசலில் நின்றது. மகள் அதன் பக்கம் திரும்பவேயில்லை.

மூன்றாம் நாட் காலை நானும் மருமகனும் பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போனோம். அங்கே வாகை மரத்தடியில் தகரக் கொட்டில் போட்டு வாகனங்களுக்கு மின்வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார். என்னைவிட நான்கு வயது இளையவர். ஆயினும் ஊரெல்லாம் அழைப்பதுபோல நானும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் அழைப்பேன். லொறிக்கு மின்பழுதென்றால் இப்போதெல்லாம் அவரிடந்தான் போவோம். அன்று அவர் வெளியே வந்து, முன்கண்ணாடியில் தொங்கிய மாலையையும் பம்பரில் தீட்டியிருந்த திருநீற்றுக் குறியையும் மேலுங்கீழும் பார்த்தார்.

"என்ன ஐயா, இது லொறியா, தேரா? வடத்தக் கொண்டு வந்திருந்தா நாலு பேர் சேர்ந்து இழுத்திரிப்பமே."

"யானை இழுக்கப் பார்த்தது நானா. அதனால்தான் வந்தனாங்கள்."

மருமகன் நடந்ததைச் சொன்னார். நானாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு பழந்துணியால் கைகளைத் துடைத்துக்கொண்டே தலைவிளக்குகளின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார்.

இரண்டு விளக்குகளையும் கூரைமேல் பூட்டினால் நெடுந்தூரம் தெரியும் என்பது என் எண்ணம். நானா அதை ஏற்கவில்லை. கூரையிலிருந்து வீசும் ஒளி எதிரில் வருபவனின் கண்ணைப் பறிக்கும், பொலிசும் பிடிக்கும். பம்பருக்குமேல் தாழ்வாகப் பூட்டவேண்டும். தலைவிளக்கைத் தாழ்த்தினால் இவையும் தாமாகவே அணையவேண்டும். "நம்மட உசிரப் பாக்கிற மாதிரி எதிர்ல வாறவன்ட உசிரையும் பாக்கணும் ஐயா" என்றார். அது சரியாகவே பட்டது. ஆனால் அவர் துளைபோடக் குறித்த இரண்டு இடங்களில் ஒன்று திருநீற்றுக் குறியின் ஓரத்தில் விழுந்தது. என் முகம் பேசியிருக்க வேண்டும். நானா சுண்ணக்கட்டியை எடுத்து இரண்டு குறிகளையும் நான்கு விரற்கடை தள்ளிப் போட்டார்.

"இப்ப சரியா? இதுவும் வேணாமெண்டா லைட்டே இல்ல; ஒவ்வொரு யானையும் உங்களிட்டக் கேட்டுட்டுத்தான் றோட்டக் கடக்கணும்."

வேலை தொடங்கிற்று. பிஸ்மில்லாஹ் சொல்லாமல் அவர் எந்த ஆணியையும் தொடுவதில்லை. துளையிட்டு, தாங்கிகளை இறுக்கி, விளக்குகளை நிறுத்தினார். பிறகு பற்றரியிலிருந்து விரற்பருமனான வயர் ஒன்றை இழுத்து, தீப்பெட்டியளவு கறுப்புப் பெட்டியொன்றில் பூட்டினார். அதன் பெயர் ரிலே. அது எதற்கு என்று கேட்டேன்.

"நீங்க துறைமுகத்தில கிளாக்கர். ஒரு கடதாசியில கையெழுத்து வெப்பீங்க. மூட்டையத் தூக்கினது ஆர்?"

"சுமை தூக்கிற நாட்டாமைமார்."

"அதேதான். சுவிச்சு உங்களப்போல. கையெழுத்து மட்டும். பாரம் தூக்கிறது இந்தப் பெட்டி. கிளாக்கர மூட்ட தூக்கச் சொன்னா என்னாகும்?"

"முதுகு போகும்."

"சுவிச்சு எரியும்."

மருமகன் வாய்விட்டுச் சிரித்தார். யானையைக் கண்ட நாளுக்குப்பின் அவர் சிரித்து நான் கண்டது அப்போதுதான்.

நண்பகல் தாண்டியபின் சிக்கல் ஒன்று வெளிப்பட்டது. எங்கள் லொறியில் இரண்டு பற்றரிகள் உண்டு. ஒவ்வொன்றும் பன்னிரண்டு வோல்ட். இரண்டும் சேர்ந்து இருபத்துநான்காகத்தான் லொறி இயங்கும். நானா ஊசிமுனைக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பற்றரி தெம்பாக இருக்கிறது, மற்றது இளைத்துக் கிடக்கிறது என்றார். இளைத்ததிலிருந்து புறப்பட்ட மெல்லிய வயரொன்றைப் பிடித்துக்கொண்டே போனார். அது ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் உள்ள தட்டில், அம்மையப்பன் படத்துக்குமேல் எரியும் சிறிய சிவப்பு விளக்கிற் போய் முடிந்தது.

அந்த விளக்கைப்பற்றி நான் சொல்லியாக வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் பதிகம் ஓதி வருகிறவன் நான். கருவறையில் இரவும் பகலும் எரியும் தூண்டாமணி விளக்கைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் இவை. லொறி வாங்கியபோது, இதிலும் சுவாமிக்கு ஒரு விளக்கு இருக்கவேண்டும், வண்டிச் சாவியான திறப்பை எடுத்தாலும் எஞ்சின் உறங்கினாலும் அது அணையக்கூடாது என்று நேர்ந்துகொண்டேன். முச்சக்கரவண்டிக் கடையிற் கிடைத்த பல்பை வேறொருவரைக்கொண்டு பற்றரியிலேயே நேராகப் பூட்டுவித்தேன். பன்னிரண்டு வோல்ட் பல்ப் ஆகையால் அவர் ஒரு பற்றரியில் மட்டும் பூட்டியிருக்கிறார். லொறி வாங்கிய நாள்முதல், இரவும் பகலும், அந்த ஒன்றே தேய்ந்திருக்கிறது. தலைவிளக்குகள் மங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நானா சொன்னார். காட்டிலே மருமகனின் கண்ணை மறைத்த இருளில் என் நேர்த்திக்கடனும் கலந்திருந்தது.

நானா அதைக் குத்திக்காட்டவில்லை. இளைத்த பற்றரிக்கு மாற்று ஒன்றை வைத்தார். சாமி விளக்கின் வயரை வெட்டிவிட்டார்.

"இதுக்கு இருபத்துநாலு வோல்ட் பல்ப் போடணும் ஐயா. என்னட்ட இப்ப இல்ல. நாளைக்கு எடுத்து வெக்கிறன், வண்டி திரும்பி வந்ததும் கொண்டு வாங்க. ஒரு ராவைக்கு உங்கட சாமிக்கு லீவு குடுங்க."

"ஓம் நானா" என்றேன். அப்போது அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தோம். மருமகன் விளக்குகளைப் போட்டுக் காட்டினார். வாசலோடு போகும் குறுகிய ஒழுங்கையின் கோடியில் உள்ள மதிலில் ஒட்டியிருந்த பல்லிகூடத் தெரிந்தது. மகள் படலையடி வரை வந்து பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். சிறிது நேரத்தில் வழிச்சாப்பாட்டைப் பொதி கட்டும் ஓசை கேட்டது. அது சம்மதம். மீன் ஏற்றி வந்து லொறி மீண்டும் வாசலில் நின்றது. எஞ்சினை ஓடவிட்டுவிட்டு மருமகன் சட்டை மாற்ற உள்ளே போனார். நான் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போனேன்.

அது விளக்கு வைக்கும் நேரம். தெருவில் எல்லா வீடுகளிலும் சாமியறையில் வெளிச்சம் வந்துவிட்டது. லொறிக்குள் எட்டிப் பார்த்தேன். தட்டின்மேல் அம்மையப்பன் இருட்டில் இருந்தார். நேற்றுவரை சிவந்து தெரிந்த அந்த இரு முகங்களும் தெரியவில்லை. சட்டத்தின் கண்ணாடி மட்டும் தெருவிளக்கைக் காட்டிற்று. நெஞ்சு பொறுக்கவில்லை. புதிய சுவிச்சுக்குப் பின்னால் ரேப் என்னும் கறுப்பு ஒட்டுநாடா சுற்றிய வயர் முனையொன்று தொங்குவது கண்ணிற் பட்டது. ரேப்பை உரித்தேன். சாமி விளக்கின் வெட்டுண்ட முனையை அதனோடு சேர்த்து முறுக்கினேன்.

விளக்கு எரிந்தது. எரிந்தது மட்டுமன்று, முன்னெப்போதும் இல்லாத பிரகாசத்தோடு எரிந்தது. சிவப்பு வெளுத்து, படம் முழுதும் பொன்னாயிற்று. இதை நான் கருணை என்று எடுத்துக்கொண்டேன். கைகூப்பி, வாய்க்கு வந்த பதிகத்தில் இரண்டு அடிகளை முணுமுணுத்துவிட்டு இறங்கினேன். மருமகன் வந்து ஏறினார். படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எலுமிச்சம்பழங்கள் நசுங்க லொறி புறப்பட்டது.

அரை மணி கழித்து, நன்றி சொல்வதற்காக நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சொல்லி முடித்தபின், அடக்கமாட்டாமல் இதையும் சொன்னேன்: "சுவாமியும் முன்னையைவிடப் பிரகாசமாகப் போறார் நானா."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த வானொலியை நானா அணைத்தார்.

"எப்படிப் பிரகாசம்?" என்று பிறகு கேட்டார். "நான்தான் வயர வெட்டினனே."

சொன்னேன்.

"ஐயா, அது பன்னிரண்டு பல்ப். நீங்க இருபத்துநாலுல குடுத்திரிக்கீங்க. பிரகாசமா எரியாம என்ன செய்யும்? அது போகட்டும், பல்ப்தானே. முறுக்கின இடத்துக்கு ரேப் சுத்தினீங்களா?"

நான் சுற்றவில்லை. உரித்த ரேப் என் சட்டைப்பையில் இருந்தது.

நானா மெதுவாக விளங்கப்படுத்தினார். அந்த முறுக்கு வெறும் செம்பு. லொறி குலுங்கும்போது பின்னாலுள்ள இரும்பில் அது பட்டால் அக்கணமே பியூஸ் எரியும். அந்த வயருக்கென்று தனிப் பியூஸ் வைத்திருந்தால் சாமி விளக்கு மட்டும் அணையும். சுவிச்சுக்கும் அதற்கும் சேர்த்து ஒரே பியூஸ் வைத்திருந்தால், புதிய விளக்குகள் இரண்டும் அதே நொடியில் அணையும். பகல்போல் ஓடிக்கொண்டிருக்கும் கண்ணுக்கு முன்னால் காடு திடீரென்று கறுத்துவிடும்.

"தனியாக வைத்தீர்களோ?"

"வெச்ச மாதிரித்தான் இரிக்கி." அன்றைய வேலையை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். "அஸர் தொழுகைக்கு எழும்பிப் போனன். அதுக்கு முந்தி வெச்சனா, வந்து வெப்பம் எண்டு உட்டனா… ஐயா, பொய் சொல்லேலா. நினைவில்ல. மருமகனுக்குப் போன் கோல் எடுங்க."

எடுப்பதில் பயனில்லை என்று எனக்குத் தெரியும். வண்டி ஓட்டும்போது தொலைபேசி முன்பெட்டிக்குள் ஒலியடங்கிக் கிடக்கவேண்டும், தம்புள்ளைத் தேநீர்க்கடையில் நிறுத்தும்வரை அதைத் தொடக்கூடாது என்பது நானே விதித்த விதி. மருமகன் அதை ஒரு நாளும் மீறியதில்லை. ஆறு முறை எடுத்தேன். ஆறு முறையும் அடித்து ஓய்ந்தது.

மகளிடம் சொல்லாமல் இருக்கலாமா என்று ஒருகணம் நினைத்தேன். அந்த நினைவுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். விறாந்தைக் கதிரையில் அவளை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சை எதிர்பார்த்தேன்.

"ஏனப்பா, சாமிக்கு இருட்டெண்டாப் பயமோ?"

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். எங்கள் பதிகங்களில் இறைவன் எங்கே ஆடுகிறான்? ஊர் உறங்கியபின், ஈமக்காட்டில், பேய்கள் பாட, நள்ளிருளில், கையில் நெருப்பை ஏந்தி ஆடுகிறான். அதைப் பண்ணோடு பாடிப் பாடித் தொண்டை தேய்ந்தவன் நான். அவனுக்கு முச்சக்கரவண்டிப் பல்பொன்றில் வெளிச்சம் காட்டப் போய், வெளிச்சம் வேண்டியிருந்த ஒரே மனிதரின் வழியை இருட்டாக்கத் துணிந்திருக்கிறேன். சாமியறைக்குப் போனேன். பதிக ஏட்டைத் திறந்தேன், ஓதாமலே மூடிவைத்தேன். திரும்பிவந்து மகளுக்குப் பக்கத்திற் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

வழக்கமாகப் பத்து மணிக்குத் தம்புள்ளையிலிருந்து அழைப்பு வரும். பத்தானது. பத்தேகாலானது. மகள் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அதன் திரையைச் சேலைத்தலைப்பால் துடைத்தபடியே இருந்தாள். இடையில் ஒரு தரம் மணியடித்தது. இருவரும் துள்ளினோம். நானா.

"வந்திட்டாரா?"

"இல்லை."

"சரி, வையுங்க. அவர் எடுத்தா லைன் பிசியாக இரிக்கப்படாது."

பத்தரை. பிறகு எனக்கு மணிக்கூட்டைப் பார்க்கத் துணிவு வரவில்லை. மகள் என் கையைப் பிடித்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன் என்று எழுதுவதே பொருத்தம்.

பதினொன்றாகச் சில நிமிடங்கள் இருக்கும்போது அழைப்பு வந்தது. மருமகனின் குரல் வெளியே கேட்கும்படியாக மகள் அழுத்தினாள்; அவள் மட்டுமே கேட்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"என்னப்பா, முழிச்சே இருக்கிறீர்? தேத்தண்ணிக் கடையில நிக்கிறன். அலியா வந்தது! யானை மூண்டு! ஒரு குட்டியும் நடுவில. எவ்வளவோ தூரத்திலயே கண்டிட்டன் பாரும். நிப்பாட்டி, லைற்றைத் தாழ்த்திப்போட்டு, அதுகள் ஆறுதலாப் போகுமட்டும் இருந்தனான். முக்கால் மணித்தியாலம் அங்கயே போயிட்டுது. லைற் எண்டாப் பகல்தான்!"

மகள் தொலைபேசியை என் பக்கமாக நகர்த்தினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மாமா படுத்திட்டாரோ?"

மகள் என்னைப் பார்த்தாள். "ஏன்?"

"ஒரு விசயம். அவருக்குச் சொல்லாதையும். கந்தளாய்க்குக் கிட்ட ஒரு பள்ளத்தில விழுந்து எழும்பேக்குள்ள சாமி லைற் பொசுக்கெண்டு அணைஞ்சிட்டுது. முன்னுக்கு லைற்றெல்லாம் நல்லா எரியுது, அது மட்டும்தான். மாமா கேட்டா மனம் நொந்து போவார். திரும்பி வந்ததும் நானே நானாவிட்டக் கொண்டுபோய்ச் சரி பண்ணுறன்."

சுவாமியின் விளக்கு அணைந்தது என்ற செய்தி கேட்டு நான் மகிழ்ந்தது என் வாழ்நாளில் அந்த ஒரே முறைதான். சிரித்தேனா அழுதேனா என்று மகளைக் கேட்டால் அவள் வேறு சொல்லக்கூடும். "மாமா பக்கத்திலதான் இருக்கிறார்" என்று அவள் சொன்னதும் மறுமுனையில் உண்டான திகைப்பை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "ஐயோ, மாமா! அது வந்து… சின்னப் பழுதுதான் மாமா!" என்று என்னைத் தேற்றினார் அந்தப் பிள்ளை.

நானாவுக்குச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அவரும் படுக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

மறுநாள் லொறி திரும்பியதும் மூவரும் கொட்டிலிற் கூடினோம். நானா சுவிச்சுப் பலகையைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, சிறிய கண்ணாடிப் பியூஸ் ஒன்றை எடுத்து வெளிச்சத்திற் பிடித்தார். உள்ளிழை எரிந்து கறுத்திருந்தது. அதற்கு அருகே மற்றொரு பியூஸ் முழுதாக இருந்தது.

"வெச்சிரிக்கன்!" என்று கத்தினார். "ஐயா, தனியா வெச்சிரிக்கன்! தொழப் போறதுக்கு முந்தியே வெச்சிரிக்கன்!" கொட்டிலுக்கு வெளியே நின்றவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். பியூஸ் எரிந்ததற்கு அவ்வளவு மகிழ்ந்த மின்வேலைக்காரரை அவர்கள் முன்பின் கண்டிருக்கமாட்டார்கள்.

பிறகு உண்மையைச் சொன்னார். ரேப் சுற்றித் தொங்கவிட்ட அந்த வயர் சாமி விளக்குக்கென்றே அவர் இழுத்துவைத்தது. ஆனால் திறப்பைப் போட்டால் மட்டும் எரியும்படியாக. "திறப்ப எடுத்தா அணையும் எண்டு நேத்துச் சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க. இண்டைக்குக் கதைச்சுச் சமாளிப்பம் எண்டு இரிந்தன்."

எங்கள் கோயிலிலும் அர்த்தசாமப் பூசை முடிந்ததும் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, நடையைச் சாத்திவிட்டுத்தானே ஐயர் வீட்டுக்குப் போகிறார்.

"போடுங்கோ நானா," என்றேன். "லொறி படுக்கும்போது அவரும் படுக்கட்டும்."

அவர் புதிய பல்பைப் பூட்டினார். இந்த முறை ரேப்பை நான் சுற்றினேன்; அவர் பார்த்துக்கொண்டு நின்று, "இன்னும் ஒரு சுத்து" என்றார்.

அன்று மாலை மருமகன் திறப்பைத் திருகினார். தட்டின்மேல் சிறிய சிவப்பு விளக்கு அளவாக எரிந்தது. முன்னே ஒழுங்கை முழுதும் வெளுத்தது. மகள் பொதியோடு படலைக்கு வெளியே வந்து, அதை இருக்கையில் வைத்துவிட்டு, லொறியின் கதவில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினாள்.

"போயிட்டு வாங்கோ," என்றாள். முதல் யானையைக் கண்ட நாளுக்குப் பிறகு அவள் அதைச் சொன்னது அன்றுதான்.